தலை திரும்பாத குழந்தையும் அதன் நெஞ்சுத் துடிப்பும்



சென்ற பொங்கல் விழாவன்று சங்க மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. மயூர் விஹாரிலிருந்து வந்திருந்த ஓர் இளம் தம்பதியர் என்னைத் தேடி வந்தார்கள். அந்தப் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். 36 வாரம் முடிந்திருந்தது. ஊருக்குப் போகாமல் டில்லியிலேயே பிரசவம் என்று தீர்மானித்து, அம்மாவைத் துணைக்கு வரவழைத்திருந்தாள்.

"டாக்டரம்மா, செக்கப்புக்குப் போனப்ப நர்ஸ் 'பச்சா உல்டா ஹை'ன்னு சொல்லிட்டாங்க. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. வெளியிலிருந்தே திருப்பிப் பார்க்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. ஊர்லேருந்து அத்தை போன் பண்ணி, 'அங்க கத்தி வச்சிடுவாங்க, கிளம்பி வா, இங்க வயித்தைத் தடவித் திருப்புற பாட்டி இருக்காங்க'ன்னு சொல்றாங்க. யார் சொல்றதைக் கேக்கறது?"

கணவருடைய கவலை வேறு. "கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு பாரம் குடுத்தாங்க மேடம். திருப்பும்போது குழந்தையோட இதயத்துடிப்பு குறையலாம், உடனே ஆபரேஷன் தேவைப்படலாம்னு அதுல ஒரு வரி. அதைப் படிச்ச நாளிலேருந்து எனக்குத் தூக்கமே இல்லை."

அந்த ஒரு வரியின் பொருளை விளக்குவதே இந்த இதழின் பாடம். கருவுற்றிருக்கும் சகோதரிகள் மட்டுமல்லாமல் அவர்களுடைய கணவன்மாரும், ஊரிலிருந்து துணைக்கு வரும் அம்மாக்களும், மாமியார்களும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். கையெழுத்துப் போடுவது ஒருவர் என்றாலும், முடிவு எடுப்பது பெரும்பாலும் குடும்பம்தானே!

எது நேர், எது தலைகீழ்?

வெளி உலகில் தலைகீழாக நிற்பது கோணல். கருப்பைக்குள்ளோ தலைகீழாக இருப்பதுதான் நேர். குழந்தையின் தலை தாயின் இடுப்பெலும்புக்குள் இறங்கியும், பிட்டமும் கால்களும் மேலேயும் இருக்க வேண்டும். இது மாறி, தலை தாயின் விலாப் பக்கமும் பிட்டமோ காலோ கீழ்ப்பக்கமும் இருந்தால் அதை 'பிரீச்' நிலை என்கிறோம். டில்லி நர்ஸ் 'உல்டா' என்று சொன்னது இதைத்தான்.

ஏழாம் மாதத்தில், அதாவது 28 வாரத்தில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை இப்படித்தான் இருக்கும். அப்போது குழந்தை சிறியது, பனிக்குட நீரில் புரளத் தாராளமாக இடம் உண்டு. பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே திரும்பிவிடும். மாதம் நிறைந்த பிறகும் திரும்பாமல் இருப்பவை நூற்றுக்கு 3 அல்லது 4 மட்டுமே. ஆகவே வளைகாப்பு சமயத்தில் ஸ்கேனில் 'பிரீச்' என்று எழுதியிருந்தால் அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. 36 வாரத்தில் பார்க்கும்போதும் அப்படியே இருந்தால்தான் பேச வேண்டிய விஷயம்.

பனிக்குட நீர் கூடுதல் அல்லது குறைவு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருத்தல், கருப்பையின் அமைப்பில் மாறுபாடு, கட்டி, இரட்டைக் குழந்தை ஆகியவை காரணமாகலாம். பலருக்குக் காரணமே தென்படாது. ஒருக்களித்துப் படுத்ததாலோ, ரயிலில் பயணம் செய்ததாலோ, கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ குழந்தை மாறுவதில்லை. தயவுசெய்து அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லாதீர்கள்.

இதில் என்ன ஆபத்து? சாதாரணப் பிரசவத்தில் உடலிலேயே பெரிய பகுதியான தலை முதலில் வந்து வழியை விரித்துக் கொடுக்கிறது. பிரீச்சில் அந்தத் தலை கடைசியில் வருகிறது. அதற்குள் தொப்புள்கொடி அழுந்தலாம்; தலை சிக்கலாம். 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், 26 நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிரீச் கர்ப்பிணிகளை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். குழந்தை இறப்பதும் கடுமையாகப் பாதிக்கப்படுவதும் சேர்ந்து, இயல்பான பிரசவத்துக்குத் திட்டமிட்ட பிரிவில் 5 சதவிகிதம். சிசேரியனுக்குத் திட்டமிட்ட பிரிவில் 1.6 சதவிகிதம். இந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியினரை இரண்டு வயதில் மறுபடி பார்த்தபோது, இறப்பிலும் வளர்ச்சிக் குறைவிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்று 2004-இல் எழுதினார்கள். ஆனால் முதல் முடிவு வெளியானவுடனேயே உலகெங்கும் பிரீச் என்றால் சிசேரியன் என்பது வழக்கமாகிவிட்டது.

குழந்தையைத் தலை கீழே வரும்படி முன்கூட்டியே திருப்பிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது அல்லவா? அதற்கான முயற்சிதான் அந்த டாக்டர் சொன்னது.

கையும் காதும்

வயிற்றின் மேல் கைவைத்து வெளியிலிருந்தே குழந்தையைத் திருப்பும் இந்த முறைக்கு டாக்டர்கள் 'இ.சி.வி.' என்று பெயர் சொல்வார்கள். 'வெர்ஷன்' என்றும் சொல்வதுண்டு. இது புதிதாக வந்ததன்று. பாரிஸ் நகரத்து மகப்பேறு மருத்துவர் அடால்ஃப் பினார்ட் என்பவர் 1878-இலேயே இதைப் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதினார். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நர்ஸ்கள் வயிற்றில் வைத்துக் கேட்கும் கூம்பு வடிவக் குழல் இருக்கிறதே, அதை 1895-இல் வடிவமைத்தவரும் அதே பினார்ட்தான். குழந்தையைத் திருப்பும் கையைப் பற்றி எழுதியவரும், அதன் இதயத்தைக் கேட்கும் குழலை வடிவமைத்தவரும் ஒருவரே. இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: காது கேட்காத இடத்தில் கை திருப்பக் கூடாது.

முற்காலத்தில் சில இடங்களில் தாயை மயக்கத்தில் ஆழ்த்திவிட்டுத் திருப்பினார்கள். வலி சொல்ல ஆளில்லாததால் அழுத்தம் மிகுந்து விபத்துகள் நேர்ந்தன. முறையும் செல்வாக்கு இழந்தது. ஜெர்மனியில் ஸாலிங் என்ற மருத்துவரும் அவருடைய சகாவும், கருப்பையைத் தளர்த்தும் மருந்து கொடுத்து, மாதம் நிறைந்தபின் திருப்பும் முறையை 1975-இல் எழுதிய பிறகு இது மறுபடி உயிர் பெற்றது. இன்றைய முறை அதன் வழி வந்தது.

அன்றைக்கு என்ன நடக்கும்?

தலைப்பிரசவம் என்றால் 36 வாரத்திலும், மற்றவர்களுக்கு 37 வாரத்திலும் செய்வது வழக்கம். அதற்கு முன்பு செய்தால் மறுபடி புரண்டுவிட வாய்ப்புண்டு. அதோடு, அவசரமாகக் குழந்தையை எடுக்க நேர்ந்தால் அது குறைமாதக் குழந்தையாகிவிடும்.

முதலில் ஸ்கேன். குழந்தையின் நிலை, பனிக்குட நீரின் அளவு, நஞ்சுக்கொடி இருக்கும் இடம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். (ஆணா, பெண்ணா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்பதும் சொல்வதும் சட்டப்படி குற்றம்.) பிறகு வயிற்றில் பட்டை கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரையும் இயந்திரத்தை அரை மணி நேரம் போல ஓட விடுவார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இதை 'என்.எஸ்.டி.' என்பார்கள்; பிரசவ அறையில் 'சி.டி.ஜி.' என்பார்கள். இந்தக் கோடு திருப்தியாக இல்லையென்றால் திருப்பும் பேச்சே இல்லை.

கோடு நன்றாக இருந்தால், கருப்பை தளர 'டெர்புட்டலின்' என்ற ஊசியைத் தோலுக்கடியில் போடுவார்கள். அதனால் தாய்க்கு நெஞ்சு படபடக்கும், கை சற்று நடுங்கும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுக்க வேண்டும். வயிற்றில் பவுடரோ ஜெல்லோ தடவி, டாக்டர் ஒரு கையால் குழந்தையின் பிட்டத்தை இடுப்புக்குழியிலிருந்து மேலே தூக்குவார்; மறுகையால் தலையைக் கீழ்நோக்கித் தள்ளுவார். குழந்தை குட்டிக்கரணம் போடுவதுபோல் முன்பக்கமாக உருண்டு வரவேண்டும். வராவிட்டால் பின்பக்கமாக முயல்வார்கள். நான்கு முயற்சிக்கு மேல் போவதில்லை. மொத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் அழுத்துவதில்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் குழந்தையின் இதயத்தைப் பார்ப்பார்கள். வலி தாங்கவில்லை என்று தாய் சொன்னால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். அது அவளுடைய உரிமை.

தலைப்பிரசவக்காரர்களில் பத்தில் நான்கு பேருக்கும், முன்பே பெற்றவர்களில் பத்தில் ஆறு பேருக்கும் குழந்தை திரும்புகிறது என்பது பொதுவான கணக்கு. திரும்பியபின் மறுபடி பிரீச்சாக மாறுபவை மிகச் சிலவே.

இதயத்துடிப்பு ஏன் குறைகிறது?

இனி அந்தப் பாரத்தில் இருந்த வரிக்கு வருவோம்.

பெரியவர்களுக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 70, 80. கருவில் இருக்கும் குழந்தைக்கு 110 முதல் 160 வரை. ஆரோக்கியமான குழந்தையின் துடிப்பு கடிகாரம்போல் ஒரே சீராக இருக்காது. நொடிக்கு நொடி சற்று ஏறியிறங்கும். அசையும்போது கொஞ்சம் உயரும். காகிதத்தில் கோடு நெளிநெளியாக இருந்தால் நல்லது என்று இதனால்தான் சொல்கிறோம். 110-க்குக் கீழே இறங்கினால் கவனிக்க வேண்டும். இறங்கியது இரண்டு நிமிடம் தாண்டியும் ஏறவில்லையென்றால் பிரசவ அறையில் எல்லாருடைய முகமும் மாறும்.

திருப்பும்போது துடிப்பு இறங்குவதற்கு முக்கியமாக ஐந்து வழிகள் உண்டு.

1. கருப்பை அழுந்துவது. டாக்டரின் கை அழுத்தும்போது நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்த ஓட்டம் சற்று குறையும். ஈரத்துணியைப் பிழிந்தால் நீர் வெளியேறுவதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையை எடுத்தால் ஓட்டம் திரும்பிவிடும்.

2. தலை அழுந்துவது. குழந்தையின் தலையில் அழுத்தம் பட்டால், இதயத்தை மெதுவாக்கும் நரம்பு தூண்டப்பட்டுத் துடிப்பு இறங்கும். இது உடலின் இயல்பான எதிர்வினை.

3. தொப்புள்கொடி அழுந்துவது. குழந்தை உருளும்போது கொடி நடுவில் மாட்டிக்கொள்ளலாம், அல்லது கழுத்தில் சுற்றியிருப்பது இறுகலாம். பெரும்பாலும் நிலையை மாற்றினால் விடுபடும். சில சமயம் விடுபடாது.

4. தாய் மல்லாந்து படுத்திருப்பது. கனத்த கருப்பை முதுகுப்புறம் உள்ள பெரிய இரத்தக் குழாயை அழுத்துவதால் தாயின் இரத்த அழுத்தம் இறங்கும். குழந்தையின் துடிப்பும் இறங்கும். இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் சரியாகும்.

5. நஞ்சுக்கொடி பிரிவது, அல்லது குழந்தையின் இரத்தம் தாயின் இரத்தத்தில் கலப்பது. இதுதான் உண்மையான ஆபத்து. ஆனால் மிக அரிது. நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்தால் குழந்தைக்குப் போகும் பிராணவாயு குறையும். இங்கே கையை எடுத்தால் மட்டும் போதாது. குழந்தையை எடுக்க வேண்டும்.

முதல் நான்கும் பெரும்பாலும் சில நிமிடங்களில் கடந்து போகிறவை. ஐந்தாவது கடந்து போகாதது. துடிப்பு இறங்கும் அந்த முதல் நிமிடத்தில், இது எந்த வகை என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பொறுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பொறுத்துப் பார்க்கும் அந்த நேரத்தில் ஆபரேஷன் தியேட்டர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

எத்தனை பேருக்கு?

1990 முதல் 2002 வரை வெளியான 44 ஆய்வுகளை, மொத்தம் 7,377 பெண்களின் விவரங்களை, ஒன்றுசேர்த்து 2004-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். துடிப்பு தற்காலிகமாக மாறிப் பிறகு சரியானது நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேருக்கு. சரியாகாமல் நீடித்தது ஆயிரத்துக்கு ஏறத்தாழ 4 பேருக்கு. நஞ்சுக்கொடி பிரிந்தது ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஒருவருக்கு. அவசரச் சிசேரியன் தேவைப்பட்டது ஆயிரத்துக்கு ஏறத்தாழ 4 பேருக்கு. 2008-இல் 84 ஆய்வுகளையும் 12,955 பெண்களையும் சேர்த்துப் பார்த்தபோதும் இதையொட்டிய விடைதான் வந்தது: அவசரச் சிசேரியன் ஏறத்தாழ 285 பேரில் ஒருவருக்கு. பிரிட்டனில் தாய்மார்களிடம் '200-இல் ஒருவருக்கு' என்று சொல்கிறார்கள்.

இந்த எண்களை இரண்டு விதமாகப் படிக்கலாம். "200-இல் 199 பேருக்கு அவசர ஆபரேஷன் இல்லை" என்று படித்தால் தைரியம் வரும். "அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டித் தெரியாது" என்று படித்தால் எச்சரிக்கை வரும். இரண்டும் உண்மை, இரண்டும் வேண்டும். அந்தக் கணவரிடம் நான் சொன்னது இதுதான்: "பாரத்தில் அந்த வரியை எழுதியிருப்பது உங்களைப் பயமுறுத்துவதற்காக இல்லை, தம்பி. துடிப்பு இறங்கினால் கவனிக்க ஆளும் கருவியும் வைத்திருக்கிறோம் என்று அதற்குப் பொருள்."

துடிப்பு இறங்கினால் என்ன செய்வார்கள்?

முதலில் கையை எடுப்பார்கள். தாயை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைப்பார்கள். இரத்த அழுத்தம் பார்த்து, தேவையானால் குளுக்கோஸ் பாட்டில் போல நரம்பில் திரவம் ஏற்றுவார்கள். ஸ்கேன் கருவியை வைத்து இதயத்தை நேராகவே பார்ப்பார்கள்.

இந்தச் சமயத்தில் நர்ஸ் தாயின் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஊசியினால் தாயின் துடிப்பு 110, 120 என்று ஓடிக்கொண்டிருக்கும். இயந்திரம் சில நேரம் குழந்தையினுடையதை விட்டுவிட்டுத் தாயினுடையதைப் பிடித்துக் காட்டிவிடும். குழந்தை நன்றாக இருக்கிறது என்று ஏமாந்துவிடக் கூடாதல்லவா? அதற்காகத்தான் இந்தச் சரிபார்ப்பு.

பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் துடிப்பு ஏறிவிடும். ஏறாவிட்டால், பல பிரசவ அறைகளில் மூன்று மூன்று நிமிடமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்றாவது நிமிடம் உதவிக்கு ஆள் அழைப்பது. ஆறாவது நிமிடம் தியேட்டருக்கு நகர்த்துவது. ஒன்பதாவது நிமிடம் ஆபரேஷனுக்குத் தயாராவது. பன்னிரண்டாவது நிமிடம் தொடங்கி, பதினைந்துக்குள் குழந்தை வெளியே. நடுவில் துடிப்பு ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள்.

திருப்பி முடித்த பிறகும், குழந்தை திரும்பியிருந்தாலும் திரும்பாவிட்டாலும், மறுபடி அரை மணி முதல் ஒரு மணி நேரம் இயந்திரக் கோடு பார்க்க வேண்டும். தாயின் இரத்தம் ஆர்.ஹெச். நெகட்டிவ் வகையானால் 72 மணி நேரத்துக்குள் 'ஆன்ட்டி-டி' ஊசி போட வேண்டும். இதை நீங்களே கேட்டு ஞாபகப்படுத்துவதில் தவறில்லை.

வீட்டுக்கு வந்தபின் இரத்தக்கசிவு, பனிக்குட நீர் வடிதல், விட்டு விட்டு வராமல் தொடர்ந்து இருக்கும் வயிற்று வலி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகிய நான்கில் எது தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஊரில் தடவித் திருப்பும் பாட்டி?

இதை எழுதும்போது எனக்குத் தயக்கம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்த மூதாட்டிகளின் கைப்பழக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. டாக்டரின் கையும் அதே வேலையைத்தான் செய்கிறது. வேறுபாடு கையில் இல்லை. அந்தப் பாட்டியின் கையின்கீழ் துடிப்பு 70-க்கு இறங்கினால் அது அவருக்குத் தெரிய வழியில்லை. நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்றும் தெரியாது. தெரிந்தாலும் பதினைந்து நிமிடத்தில் குழந்தையை எடுக்க ஏற்பாடு இல்லை. அத்தையின் அன்பை மதிக்கலாம். வயிற்றைத் தடவ மட்டும் விட வேண்டாம்.

முழங்காலும் மார்பும் தரையில் படும்படி குனிந்திருந்தால் திரும்பும் என்றும் சொல்வார்கள். அதனால் கெடுதல் இருப்பதாகத் தெரியவில்லை. திரும்பும் என்பதற்கும் போதிய ஆதாரம் இல்லை.

ஆஸ்பத்திரியிலும் எல்லாருக்கும் இதைச் செய்வதில்லை. நஞ்சுக்கொடி வழியை மறைத்திருப்பவர்கள், அண்மையில் இரத்தக்கசிவு கண்டவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், இயந்திரக் கோடு சரியில்லாதவர்கள், வேறு காரணத்தால் எப்படியும் சிசேரியன் தேவைப்படுபவர்கள் ஆகியோருக்குக் கூடாது. முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கு டாக்டர் தனியாக யோசித்துச் சொல்வார்.

வெளியூர்வாழ் நமக்குச் சில யோசனைகள்

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போவது நம் வழக்கம். டில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஒன்றரை நாள். விமான நிறுவனங்கள் பலவும் 32 வாரத்துக்குமேல் டாக்டர் சான்று கேட்கின்றன. 36 வாரத்துக்குமேல் பொதுவாக ஏற்றிக்கொள்வதில்லை. குழந்தையின் நிலை முடிவாகத் தெரிவதும் அந்த 36-ஆவது வாரத்தில்தான். ஆகவே:

- ஊருக்குப் போவதானால் முன்கூட்டியே போய், 36 வாரத்துச் செக்கப்பு பிரசவம் நடக்கப்போகும் ஆஸ்பத்திரியிலேயே நடக்கும்படி திட்டமிடுங்கள்.
- ஸ்கேன் ரிப்போர்ட், இரத்த வகை, இங்கே கொடுத்த 'ஜச்சா-பச்சா கார்டு' எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். தமிழ்நாட்டில் 'பிக்மி' பதிவு எண் கேட்பார்கள். ஊர் சேர்ந்தவுடன் கிராம அல்லது நகர சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துவிடுங்கள்.
- இங்கேயே பிரசவம் என்றால், மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. 2016 முதல் நாடெங்கும் நடக்கும் திட்டம் இது.
- திருப்பும் நாளன்று இந்தி நன்றாகத் தெரிந்த ஒருவர் துணைக்கு இருக்கட்டும். "வலிக்கிறது, நிறுத்துங்கள்" என்பதற்கு 'தர்த் ஹோ ரஹா ஹை, ருக்கியே' என்று சொல்லத் தெரிந்தால் போதும்.
- டாக்டரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: திருப்பும்போது துடிப்பை எப்படிக் கவனிப்பீர்கள்? தியேட்டரும் மயக்க மருத்துவரும் அந்த நேரத்தில் தயாராக இருப்பார்களா? முடிந்தபின் எவ்வளவு நேரம் கோடு பார்ப்பீர்கள்? திரும்பாவிட்டால் அடுத்து என்ன? முதல் மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் செய்துகொள்ளாதீர்கள்.

பிறகு என்ன ஆயிற்று?

அந்த மயூர் விஹார் பெண் சம்மதித்தாள். முதல் முயற்சியில் குழந்தை அசைந்து கொடுக்கவில்லை. இரண்டாம் முயற்சியில் பாதி உருண்டபோது துடிப்பு 80-க்கு இறங்கியது. டாக்டர் கையை எடுத்து, அவளை இடப்பக்கம் திருப்பினார். அறையில் யாரும் பேசவில்லையாம். இரண்டு நிமிடத்துக்குள் துடிப்பு 140-க்கு ஏறிவிட்டது. குழந்தை மறுபடி பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டது. "இன்றைக்கு இது போதும்" என்று டாக்டர் நிறுத்திவிட்டார். 39 வாரத்தில், நாள் குறித்து, நிதானமாகச் சிசேரியன் செய்து பெண் குழந்தை பிறந்தது. பிரீச் குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதால், ஆறாவது வாரத்தில் அந்த ஸ்கேனும் எடுத்துவிட்டார்கள்.

பிறகு ஒரு நாள் போனில் பேசினாள். "திரும்பலையேன்னு முதல்ல வருத்தமா இருந்துச்சு டாக்டரம்மா. ஆனா அந்த ரெண்டு நிமிஷத்தை நினைச்சா... ஊர்ல அந்தப் பாட்டி கையில இருந்திருந்தா, இறங்கினதே யாருக்கும் தெரிஞ்சிருக்காதில்ல?"

உண்மைதான். அன்று குழந்தை திரும்பவில்லை என்பதால் முயற்சி தோற்றுப்போனது என்று நான் நினைக்கவில்லை. துடிப்பு இறங்கியபோது ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டதும் கையை எடுத்தார். தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினார்கள்.

உங்கள் வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ 'பச்சா உல்டா ஹை' என்று யாராவது கலங்கி நின்றால் இந்தப் பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள். எல்லாருக்கும் சுகப்பிரசவம் ஆகட்டும்.